உழக்குக்கு எத்தனை பலம்

செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன் என்றால் இன்றைக்கு யாரும் அதை ஒரு தூரமாகவே எண்ண மாட்டார்கள். எங்கள் காலத்தில் அது ராஜ்யம் விட்டு ராஜ்யம் போவது. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவுடையது, தென்காசி வெள்ளைக்காரனுடையது. அங்கே காசு வேறு, இங்கே காசு வேறு. தபால்தலையும் வேறு. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அரிசி அளக்கிற நாழியும் வேறு என்பதை மட்டும் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

என் அம்மா மலைக்கு அந்தப் பக்கம், புனலூர்க்காரி. கல்யாணமாகி வரும்போது அந்தப் பக்கத்து மரநாழி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். வாயில் பித்தளைப் பூண் போட்டது. எங்கள் வீட்டில் அரிசி, பயறு, எண்ணெய் எல்லாம் அதில்தான் அளந்தோம். அதே போல ஒன்றைக் கடைய வைத்து எனக்கும் சீர் சாமான்களோடு கொடுத்து அனுப்பினாள்.

என் வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்தது அக்காதான். மொட்டைக் கோபுரம் தெரிகிற ஒரு தெருவில் அக்கா வீடும் எங்கள் வீடும் ஒட்டி ஒட்டி இருந்தன. கிணறு பொது. நான் அந்த அக்காவை மதினி என்று கூப்பிட்டேன். அவள் என்னை ஏட்டி என்று கூப்பிட்டாள். கோபம் வந்தாலும் ஏட்டிதான், பிரியம் வந்தாலும் ஏட்டிதான். குரலை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் அடுப்பங்கரையில் நுழைந்த முதல் நாள், விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். மதினி கிணற்றடியில் இருந்தபடியே சொன்னாள்:

“ஏட்டி, ரெண்டு நாழி அரிசி களைஞ்சு உலையில போட்டிரு.”

இத்தனை பேருக்கு இரண்டு நாழி போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வந்த முதல் நாளே எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என் நாழியை எடுத்தேன், இரண்டு தடவை தலை வழித்து அளந்தேன், போட்டேன்.

மதினி வந்து பானையைத் திறந்து பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். சோறு பானையின் அடியில் கிடந்தது.

“என்னட்டி இது? காக்காய்க்கு வைக்கவா பொங்குனே?”

“நீங்க சொன்ன ரெண்டு நாழிதான் மதினி.”

“எதுல அளந்தே?”

நாழியைக் காட்டினேன். அவள் உள்ளே போய்த் தன் நாழியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தாயும் பிள்ளையும் போல இருந்தன. என் நாழி, அவர்கள் ஊர் உழக்கைவிட, அதாவது கால் படியைவிட, துளி பெரியது, அவ்வளவுதான். தென்காசியில் நாழி என்றால் முழுப் படி.

“இத நாழின்னு சொல்லி ஒங்க மகாராஜா எத்தன வருசமா ஊர ஏமாத்துதாரு?” என்றாள் மதினி. அன்றைக்கு விருந்தாளிகள் இரண்டாவது உலை கொதிக்கும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் மதினி இதைச் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைத்தான் பார்த்தேன். அவர் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பொடியை நிறுத்து மடிப்பதும், மிக்சர் பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவதும் அவர் தொழில். வீட்டுச் சமையல் இத்தனை காலமாகக் குத்துமதிப்பாக நடப்பது அவருக்கு உள்ளூர ஒரு குறையாகவே இருந்திருக்கிறது. இப்போது சாட்சியோடு ஒரு வழக்குக் கிடைத்துவிட்டது.

“அளந்தா ஊருக்கு ஊர் மாறும். நிறுத்தா எங்க போனாலும் ஒண்ணுதான்” என்றார்.

“எங்க ஊர்ல நிறுக்குத துலாமும் வேறதான்” என்றேன் மெதுவாக. அது அவர் காதில் விழவில்லை.

அடுத்த சந்தையில் ஒரு தராசும் பலம், வீசை எடைக்கற்களும் வாங்கிவந்தார். நாற்பது பலம் ஒரு வீசை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சமைக்கவில்லை, நிறுத்தோம். நான் உழக்கில் ஒவ்வொன்றாக அள்ளிக் கொடுக்க, அவர் தராசில் கொட்டி நிறுத்து, அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதினார். உழக்குப் பச்சரிசி எட்டரைப் பலம். உழக்குக் கல்லுப்பு பத்துப் பலம். உழக்கு மாவு, சலித்தால் ஐந்தரை, அமுக்கினால் ஏழு. உழக்கு மிளகாய் வற்றல் ஒன்றேகால் பலம். மிளகாய் வற்றலைத் தலை வழிக்க முடியாது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எப்படி அடுக்கினாலும் ஒன்று எழுந்து நின்றது. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு மாலைவரை அவருக்கு நான் கம்பவுண்டர் வேலை பார்த்தேன்.

மதினி வந்து சுவரைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும்.

“எல்லாம் இருக்கு. புளி எங்கலே?”

“புளிய உழக்குல அளக்க முடியாதுக்கா. நீ எவ்வளவு போடுவே சொல்லு, நிறுத்துக்கிடுதேன்.”

“எலுமிச்சங்கா அளவு.”

“எந்த எலுமிச்சங்கா?”

“மரத்துல காய்க்குத எலுமிச்சங்கா.”

அவர் விடவில்லை. மூன்று எலுமிச்சங்காய் கொண்டுவந்து, மூன்றையும் நிறுத்து, நடுவில் இருந்ததைப் புளிக்குரிய எலுமிச்சங்காய் என்று தீர்மானித்தார். எலுமிச்சங்காய் எடைக்குப் புளி போட்டு மறுநாள் ரசம் வைத்தேன். புளி எலுமிச்சங்காயைவிடக் கனம் குறைவா கூடுதலா என்று யாருக்கும் தோன்றவில்லை. ரசம் மட்டும் புளிப்பேறி வாயில் வைக்கத் தோதில்லாமல் இருந்தது. மதினி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “அளவ நிறுக்கச் சொன்னா நீ எலுமிச்சங்காயில்லா நிறுத்திருக்கே” என்றாள்.

அவுன்ஸிலும் ஒரு சங்கடம் வந்தது. நெய்யை அளக்க எனக்கு ஒரு மருந்து கிளாஸ் கொடுத்திருந்தார், கோடு போட்டது. ஒரு நாள் எட்டு அவுன்ஸ் நெய் எடுத்து வைக்கச் சொன்னார். கிளாஸில் எட்டுக் கோடு பார்த்து ஊற்றி வைத்தேன். அவர் அதைத் தராசில் வைத்துவிட்டுக் குறைகிறது என்றார். நான் சிந்தினேனோ என்று தரையைப் பார்த்தேன்.

“சிந்தலட்டி. நீ ஊத்துத அவுன்ஸ்ல எடுத்திருக்கே. நான் சொன்னது நிறுக்குத அவுன்ஸ்.”

“ரெண்டுக்கும் பேரு ஒண்ணா?”

“பேரு ஒண்ணுதான். தண்ணியா இருந்தா ரெண்டும் சரியா வரும். நெய்யின்னா எட குறையும். தேன்னா கூடும்.”

“அப்பம் வேற வேற பேரு வச்சிருக்கலாம்லா?”

“அத வச்சவன்ட்ட போய்க் கேளு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் தூத்துக்குடிச் சம்பந்தம் வந்தது.

மதினியின் மூத்த மகளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என்னை அத்தை என்று கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வரும். அவளுக்குத் தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் பண்ணுகிற ஒரு வீட்டிலிருந்து கேட்டார்கள். ஆனால் ஆடி மாதம். ஆடியில் பெண் பார்க்க மாட்டார்கள். அதற்கும் ஒரு வழி இருந்தது. குற்றாலத்தில் குளிக்க வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டால் அது பெண் பார்த்ததாகாது. நாங்கள் அந்தச் சீசனுக்குக் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு வீடு பிடித்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலை தற்செயலாக வருகிறோம் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள்.

பையனின் அம்மாவுக்கு அதிரசம் என்றால் உயிர் என்று தரகர் சொல்லியிருந்தார். அதிரசம் நினைத்த மாத்திரத்தில் செய்கிற பலகாரம் இல்லை. அரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் வாட்டி, இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் போட்டுக் கிளறி, இரண்டு நாளாவது புளிக்க விட வேண்டும். மாவுக்கும் வெல்லத்துக்கும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். வெல்லம் குறைந்தால் கல்லாகும். கூடினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்து போகும். மதினி தன் படியில் அரிசி அளந்து, அதற்கு இத்தனை வெல்லம் என்று கண்ணாலேயே எடுத்துவிடுவாள். ஆனால் அந்தப் படி தென்காசியிலேயே இருந்துவிட்டது. குற்றாலத்தில் எங்களிடம் இருந்தது என்னுடைய நாழியும் அவருடைய தராசும்தான். அதை மட்டும் அவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“அந்தப் பிள்ள நாழிய நான் தொட மாட்டேன்” என்றாள் மதினி. பிறகு தம்பியைப் பார்த்து, “சரி, ஒன் கணக்குப்படியே நிறு” என்றாள்.

அவருக்கு அன்றைக்கு இருந்த உற்சாகம் பையனுக்குக்கூட இருந்திருக்காது. மாவு நாலு பங்கு, வெல்லம் மூன்று பங்கு, எல்லாம் எடைக்கு எடை. தென்காசியில் ஒரு தடவை இப்படிச் செய்து பார்த்து நன்றாகவே வந்திருந்தது.

ஆனால் தென்காசியில் அன்றைக்கு வெயில் அடித்தது. குற்றாலத்தில் சாரல். ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிற சாரல். அரிசியைத் துணியில் பரப்பி வைத்தோம். காய வேண்டிய துணி, நேரம் ஆக ஆக இன்னும் ஈரமானது. அந்த வீட்டில் உப்பு ஜாடி தானாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. மாவை இடித்தோம், சல்லடையில் இறங்காமல் ஒட்டிக்கொண்டது.

“மாமா, மாவு சொதசொதன்னு இருக்கு” என்றாள் பெண்.

“எட சரியா இருக்கும்மா. நல்ல கனம் பாத்தியா” என்றார் அவர்.

கனம் எதனுடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. தென்காசிச் சுவரில் எழுதியிருந்த கணக்கில் சாரலுக்கு இடம் இல்லை. ஈரத்தையும் மாவு என்று எண்ணி அவர் நிறுத்தார். மாவு குறைந்தது. வெல்லமோ கண் முன்னாலேயே வியர்த்துக்கொண்டிருந்தது. பாகு வைத்துக் கிளறியபோது மதினி துடுப்பைத் தூக்கிப் பார்த்து, “இளகலா இருக்கேலே” என்றாள். “ரெண்டு நாள்ல இறுகிரும்க்கா” என்றார். இறுகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மதினியின் வீட்டுக்காரர் முன்னறையில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தற்செயலாக உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்கு நான் தலை பின்னி முடித்திருந்தேன். மதினி எண்ணெய் காயவைத்து, வாழையிலையில் ஓர் அதிரசம் தட்டி உள்ளே விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றியது. ஓரம் நுரைத்தது. பிறகு நாலாகப் பிரிந்து, நாலும் நாற்பதாகி, சட்டி முழுக்கப் பழுப்பு நிறத்தில் மிதந்தது.

இன்னொன்று போட்டாள். அதுவும் அப்படியே.

“ஒன் தராசக் கொண்டு அருவியில போடு” என்றாள் மதினி.

“தராசு என்ன பண்ணிச்சி? வெல்லம் புது வெல்லம்” என்றார் அவர்.

“பாகு பதம் முந்தி எடுத்துட்டோம்னு நெனைக்கேன்” என்றேன் நான். பாகுக்குப் பதம் பார்த்தது மதினி. அதனால் அவள் என்னைப் பார்த்த பார்வை சட்டி எண்ணெயைவிடச் சூடாக இருந்தது. பெண் மட்டும் அரிகரண்டியால் சட்டியில் மிதந்ததையெல்லாம் அரித்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே கொஞ்சம் எடுத்துத் தின்றாள்.

“ருசி நல்லாத்தான் இருக்கும்மா.”

“நீ தின்னு. ஒன்ன அப்படியே தூத்துக்குடிக்கு அனுப்பிருதேன்” என்றாள் மதினி.

அந்த நேரத்தில் அவர்கள் வந்துவிட்டார்கள். வாசல் வழியாக அப்பாவும் பையனும். அம்மா மட்டும் பின்வாசல் வழியாக வந்தாள். அருவியில் குளித்துவிட்டு நேரே வந்ததால் ஈரச் சேலையோடு முன்னறைக்கு வரக் கூச்சப்பட்டு, மாற்றிக்கொள்ள இடம் கேட்டு அடுப்பங்கரைக்கே வந்துவிட்டாள். நல்ல ஆகிருதியான அம்மாள். தலைமுடி முழுக்கத் தண்ணீர் சொட்டியது. மதினி சட்டியை மறைத்து நின்றாள். வாசனையை மறைக்க முடியவில்லை.

“அதிரசமா?” என்றாள் அந்த அம்மாள்.

பெண்தான் சொன்னாள்: “அதிரசம்னுதான் தொடங்குனோம். பிரிஞ்சு போச்சு.”

மதினி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“எங்க வீட்ல போன தீவாளிக்கு இதே கததான். மாவு கொஞ்சம் மிச்சம் இருக்கா? கூடச் சேத்துப் பிசைஞ்சா நின்னுக்கிடும்.”

மாவு மிச்சம் இல்லை. மதினி எப்போதும் ஒரு கை கூடுதலாக ஊறப் போடுவாள். அன்றைக்கு எங்கள் கம்பவுண்டர், தேவைக்கு மேல் எதற்கு என்று, கணக்காக எடுத்திருந்தார். கோதுமை மாவு கேட்டோம், பக்கத்து வீட்டிலும் இல்லை. எனக்கு அப்போதுதான் கூவப்பொடி ஞாபகம் வந்தது. என் அம்மா வீட்டில் அதைக் கிளறி அல்வா மாதிரிப் பண்ணுவார்கள். குற்றாலத்துத் தண்ணீரும் மாம்பழமும் சேர்ந்து யாருக்காவது வயிறு போனால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க அவர் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார்.

“கூவப்பொடி இருக்கு” என்றேன்.

“அது ஆரோரூட்டு. மருந்து” என்றார் அவர் கதவுக்கு வெளியே நின்றபடி.

“திங்குத மருந்துதான?” என்றாள் அந்த அம்மாள்.

“வயித்துக்குக் குடுக்கிறது.”

“அதிரசமும் வயித்துக்குத்தான போகுது? எடுத்தாங்க.”

டப்பா வந்தது. அடுத்த கேள்வி எவ்வளவு என்பது. அந்த அம்மாள் ஒரு கை என்றாள். மதினி, யார் கை என்றாள். அந்த அம்மாளின் கையில் என் கை இரண்டு அடங்கும். அப்போது அந்த அம்மாள், “ஒரு தராசு இருந்தா நிறுத்தே போட்டுரலாம். எங்க வீட்ல எல்லாம் நிறுவைதான், யாவார வீடுல்லா” என்றாளே பார்க்கலாம். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து தராசோடு உள்ளே வந்தார். மதினி கையைப் பிசைந்துகொண்டாள்.

தராசைத் தூக்கிப் பிடித்தார். ஒன்றும் வைக்காமலே ஒரு தட்டு கீழே இறங்கியது. இரண்டு நாளைக்கு முன்னால் நிறுத்த வெல்லம் அதன் அடியில் ஒட்டி, சாரலில் இளகி, மேலே ஒரு படை எறும்பு. அவர் எறும்பைத் தட்டினார். அது அவர் கைமேல் ஏறியது. தராசைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டே வெளியே போனார்.

கடைசியில் நடந்தது இதுதான். ஒரு கரண்டிப் பொடி சேர்த்துப் பிசைந்தோம், ஓர் அதிரசம் சுட்டோம், பிரிந்தது, தின்றோம். இன்னொரு கரண்டி சேர்த்தோம், ஒன்று சுட்டோம், பாதி நின்றது, தின்றோம். கரண்டி கரண்டியாக இப்படியே போனதில் ஒரு கட்டத்தில் அதிரசம் வட்டமாக, ஓரம் சிவந்து, அப்படியே மிதந்து வந்தது. எத்தனை கரண்டி போட்டோம் என்று அப்போது யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. எல்லார் வாயிலும் அதிரசம் இருந்தது.

அந்த அம்மாள் ஈரச் சேலையை மாற்றியும் மாற்றாமலும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தட்டிக் கொடுக்க, பெண் எண்ணெயில் விட்டுத் திருப்பி எடுத்தாள். இடையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. உனக்குக் கோலம் போட வருமா, பாட வருமா என்றெல்லாம் அந்த அம்மாள் கேட்கவில்லை. தூத்துக்குடித் தண்ணீர் உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது, சமாளிப்பியா என்று மட்டும் கேட்டாள். “வேகாட்டா தொவையலா அரைச்சிருவேன்” என்றாள் பெண். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

முன்னறையில் ஆண்களுக்குப் பேச விஷயம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று மூன்று தடவை பேசிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பையன் அம்மாவைத் தேடுகிற சாக்கில் அடுப்பங்கரை வாசலுக்கு வந்தான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. பெண் நிமிர்ந்து பார்த்தாள். உடைந்த அதிரசங்கள் கிடந்த தட்டை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

“இது கணக்குல சேராது. எடுத்துக்கிடுங்க” என்றாள்.

அவன் குனிந்து ஒரு துண்டு எடுத்தான். பிறகு இன்னொன்று எடுத்தான். ஆடியில் பெண் பார்த்ததாகச் சேராதல்லவா, அதனால் நாங்களும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

பிறகு முறைப்படி தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பையனின் அப்பா நாலைந்து சாப்பிட்டார். “இந்தக் குத்தாலத்துக்கு வந்ததுலேருந்து வயிறு ஒரு மாதிரியாவே இருந்துச்சி. இது என்னமோ வயித்துக்கு இதமா இருக்கு” என்றார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம். கல்யாணம் தென்காசியில்தான். இந்த முறை சாமான் வாங்கும் பொறுப்பை மதினி தம்பியிடம் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். சாரலுக்குப் பிறகு அவர் எடையை முழுதாக நம்புவதை விட்டிருந்தார், படியையும் நம்பவில்லை. அதனால் இரண்டையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். ஒன்றில் பிசகினால் இன்னொன்று காப்பாற்றும். பெரிய பலசரக்குக் கடைக்குப் போய், பச்சரிசி இத்தனை மரக்கால், எடைக்கு இத்தனை வீசை, உளுந்து இத்தனை படி, எடைக்கு இத்தனை வீசை என்று கணக்குப்பிள்ளையிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்தில் நானும் நின்றேன். கணக்குப்பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடையில் தானியம் அளக்கிற ஆள் முன்னால் இருப்பார். முதல் படிக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லி அளப்பார். நிறுக்கிற ஆள் பின்கட்டில் இருப்பார். இருவருக்கும் கணக்குப்பிள்ளை தனித்தனியாகத் தாக்கல் சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் அளந்த சாமான் ஒரு வண்டியில் வந்தது. மதினி இறக்கி வைக்கச் சொன்னாள். கல்யாணச் சமையலுக்குத் தவசிப்பிள்ளை முன்கூட்டியே வந்திருந்தார். அதிரசத்துக்கு அரிசியை ஊறப் போட்டார். மத்தியானம் இன்னொரு வண்டி வந்தது. அதில் நிறுத்த சாமான். மதினி கோவிலுக்குப் போயிருந்தாள். தவசிப்பிள்ளை, இதுவும் கல்யாணத்துக்குத்தானே என்று, அந்த அரிசியையும் ஊறப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த மதினி அண்டா அண்டாவாக ஊறுகிற அரிசியைப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் அவரும் நானும் கடையில் நின்றோம்.

“நான் கேட்டது ஒண்ணுதான்யா. அதையே ரெண்டு விதமாச் சொன்னேன்” என்றார் அவர்.

“நீங்க ரெண்டு தடவ சொன்னிய. நாங்க ரெண்டு தடவ குடுத்தோம்” என்றார் கணக்குப்பிள்ளை. அதில் ஒரு தப்பும் சொல்ல முடியவில்லை. பிரிக்காத மூட்டைகளை மறு பேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார். ஊறிய அரிசியை யார் எடுத்துக்கொள்வார்கள்?

ஆக, எங்கள் பெண் கல்யாணத்தில் ஊருக்கு இரண்டு மடங்கு அதிரசம். நல்ல வெயில் வேறு, மாவு அருமையாகக் காய்ந்தது, ஒன்றுகூடப் பிரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்கிய பையனின் அப்பா, அறை முழுக்கக் கூடை கூடையாக அடுக்கியிருந்ததை வாசலில் நின்று பார்த்தார். வியாபாரி கண். ஒரு பார்வையில் எடை போட்டிருப்பார்.

“மைனி, எத்தன பேருக்குச் சொல்லியிருக்கிய?” என்றார் கொஞ்சம் கலவரத்தோடு.

மதினி அசரவில்லை. “ஆளுக்கு ரெண்டு குடுத்து அனுப்புத வழக்கம் எங்க வீட்ல கெடையாது” என்றாள். பெண் வீடு தாராளமான வீடு என்று தூத்துக்குடி முழுக்கப் பேர் ஆகிவிட்டது. பந்தியில் வைத்தோம், பையில் போட்டுக் கொடுத்தோம், தேர் வடம் பிடிக்கிற ஆட்களுக்குக் கொடுத்தோம், தென்காசி ஸ்டேஷனில் எங்களுக்குத் தெரியாத ஒரு போர்ட்டர்கூட வந்து வாங்கிப்போனார். தம்பியோடு மதினி மறுவீடு வரைக்கும் பேசவில்லை. அவரும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை, அதிரசக் கூடையைப் பார்த்தாலே வேறு பக்கம் நடந்தார்.

மறுவீடு முடிந்து பெண்ணை ரயில் ஏற்றப் போனோம். சம்பந்தி அம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அவள் மதினியைக் கூப்பிட்டு, மிச்சம் ஏதும் இருக்கா என்று மெதுவாகக் கேட்டாள். இரண்டு கூடை இருந்தன. ஓர் ஆளை ஓட்டமாக அனுப்பி எடுத்துவரச் சொன்னோம். புதுப்பெண் அந்தக் கூடைகளை இரண்டு காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தூத்துக்குடிக்குப் போனாள்.